ஈரநிலமும் தொடக்கக் கல்வியும்: நீர்நிலைப் பெயர்கள் வழி ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டைப் பகுதியில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில், அமராவதி அணையை ஒட்டி அமைந்த ஊர் அமராவதி நகர். அணை 1957ஆம் ஆண்டினது. 1962இல் இங்குச் சைனிக் பள்ளி தொடங்கப்பெற்றது. 1976இல் முதலைப் பண்ணை நிறுவப்பெற்றது. சங்க நூல்கள் கூறும் ஆன்பொருநையே இன்றைய அமராவதி ஆறு என்பது அறிஞர் பலரின் கொள்கை. மலையில் தோன்றி, அணையில் தங்கி, கல்லாபுரம், குமரலிங்கம், கணியூர், கடத்தூர், காரத்தொழுவு முதலிய ஊர்களின் பழைய இராசவாய்க்கால்களுக்கு நீர் அளித்து, கரூரைக் கடந்து, திருமுக்கூடலில் காவிரியொடு கலக்கும் ஆறு இது.

இவ்வூரில் வளரும் சிறுவன் ஒருவன் நீர்த்தேக்கத்தையும், அதன் கரைச் சேற்றையும், ஆற்றுப் படுகையையும், வாய்க்காலையும், நெல்வயலையும் ஒரே நாளில் காணலாம். இவை அனைத்தையும் இன்றைய அறிவியல் 'ஈரநிலம்' என்னும் ஒரு சொல்லில் அடக்குகிறது. ஆயின், 'ஈரநிலம் என்பது யாது?' என்று அச்சிறுவனை வினவினால், 'மழை பெய்து நனைந்த நிலம்' என்று அவன் விடை கூறக்கூடும். அவ்விடையைப் பிழை என்று தள்ளுதல் எளிது. ஆயினும் சொல்லின் நேர்ப்பொருளை அவன் சரியாகவே உணர்ந்தான் என்பதை மறுத்தற்கில்லை. பிழை சிறுவனிடத்தில் இல்லை. பாடத்தைத் தொடங்கும் முறையில் உள்ளது.

தொடக்கப் பள்ளியில் ஈரநிலங்களைப் பற்றியும் அவற்றைக் காத்தலின் இன்றியமையாமை பற்றியும் கற்பித்தல் இந்நாளில் பலராலும் வற்புறுத்தப்படுகிறது. அப்பாடம் பொதுச்சொல்லிலிருந்து தொடங்குதல் தகாது, குழந்தை அறிந்த நீர்நிலையின் பெயரிலிருந்து தொடங்குதலே தகும் என்பதும், அப்பெயர்களுள் பொதிந்த பொருளை ஆராய்ந்து தருதல் தமிழ்த்துறையின் கடமை என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

1. 'ஈரநிலம்' என்னும் சொல்

1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், ஈரான் நாட்டு இராம்சர் நகரில் உலக நாடுகள் சில கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. இந்தியா 1982இல் அதனை ஏற்றது. 1997 முதல் பிப்ரவரி 2ஆம் நாள் உலக ஈரநில நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவ்வுடன்படிக்கை வகுத்த இலக்கணம் மிக விரிந்தது. இயற்கையாயினும் செயற்கையாயினும், நிலைத்ததாயினும் பருவத்துக்கு மட்டும் உரியதாயினும், நிற்பதாயினும் ஓடுவதாயினும், நன்னீராயினும் உவர்நீராயினும் நீர் பொருந்திய நிலம் ஈரநிலமாம். கடலோரத்தில், நீர் வற்றும் வேளையில் 6 மீட்டர் ஆழத்திற்கு மேற்படாத பகுதியும் இதனுள் அடங்கும்.

இவ்விரிந்த பொருளைத் தாங்குமாறு ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்த்து ஆக்கப்பட்டதே 'ஈரநிலம்' என்னும் சொல். கலைச்சொல் என்ற அளவில் அது குற்றமுடையதன்று. ஆயினும் அதன்பால் இரண்டு மயக்கங்கள் உள்ளன.

முதல் மயக்கம் வருவாய்த்துறை வழக்கினால் வருவது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நன்செய் நிலத்தைக் குறிக்க ஆளப்பட்ட ஆங்கிலத் தொடரும் சொல்லளவில் 'ஈரமான நிலம்' என்றே பொருள்படுவது; புன்செய் 'உலர்ந்த நிலம்' எனப்பட்டது. ஆதலின் ஒரே ஆங்கிலத் தொடர் ஓரிடத்து உழவன் பட்டாவில் உள்ள வயலையும், மற்றோரிடத்து ஊர்ப்பொதுவான குளத்தையும் குறிக்க நேர்ந்தது.

இரண்டாம் மயக்கம் இன்னும் பெரிது. இந்திய அரசின் ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள், 2017, தம் வரையறையிலிருந்து ஆற்றுக் கால்களையும், நெல்வயல்களையும், குடிநீருக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளையும், மீன் வளர்ப்பு, உப்பு விளைவு, பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றிற்கென்றே கட்டப்பட்டவற்றையும் விலக்குகின்றன. இராம்சர் உடன்படிக்கை செயற்கை நீர்நிலைகளையும் ஏற்க, இந்திய விதி பாசனத்திற்காகக் கட்டப்பட்டவற்றை நீக்குகிறது. தமிழ்நாட்டின் ஏரி, குளம், கண்மாய்களுள் மிகப் பல பாசனத்திற்காக நம் முன்னோர் வெட்டியவை. அவை விதியின் சொற்பொருளால் 'ஈரநிலம்' அல்ல என்று வாதிக்க இடம் உண்டாகிறது. அவற்றைக் காக்க, 2007ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் போன்ற வேறு துணைகளை நாட வேண்டியுள்ளது. ஒரு சொல்லின் எல்லை சுருங்கினால், ஒரு குளத்தின் காப்பும் உடன் சுருங்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

2. பெயர் வேறுபாடும் பொருள் வேறுபாடும்

நீர்நிலைகளுக்குத் தமிழில் பெயர்கள் பலவாதல் யாவரும் அறிந்ததே. சேந்தன் திவாகரம் முதலிய நிகண்டுகள் இடப்பெயர்த் தொகுதியில் இவற்றைத் தொகுத்துள்ளன. திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் நிகண்டினை மனப்பாடம் செய்தனர். கயம், இலஞ்சி, வாவி, பொய்கை என்பன அவர்தம் நாவில் இளமையிலேயே தங்கின. அம்முறையில் ஒரு குறையும் உண்டு. நிகண்டு பல சொற்களை ஒரு பொருளின்கீழ் அடுக்கித் தருவது. செய்யுள் இயற்றுவார்க்கு அது பெருந்துணை. ஆனால் நீரைக் கையாளும் ஊர்மக்களோ அச்சொற்களை வேறு வேறு பொருளிலேயே வழங்கினர்.

பொய்கை என்பது மனிதர் ஆக்காத நீர்நிலை என உரையாசிரியர் விளக்குவர். இயற்கை, செயற்கை என்னும் பாகுபாடு அவ்விளக்கத்திலேயே அமைந்துள்ளமை காண்க. கயம் ஆழமுடையது. மடு ஆற்றினுள் கோடையிலும் நீர் வற்றாத பள்ளம்; ஆறு வறண்ட திங்களில் மீனுக்கு உயிர்ப்பிச்சை அளிப்பது அதுவே. ஊருணி ஊரார் உண்ணும் நீருக்கு உரியது. ஆதலின் கால்நடை அதனுள் இறங்காதவாறு காப்பர். குட்டை சிறியது, ஆடுமாடு நீர் அருந்துவதற்கும் அயல் கிணறுகள் ஊறுவதற்கும் பயன்படுவது. கழி கடல்நீர் புகுந்து மீளும் இடம். அளம் உப்பு விளையும் இடம். சதுப்பு என்பது சேறு மிகுந்து காலை உள்வாங்கும் நிலம். இப்பெயர்கள் ஒவ்வொன்றும் நீர் எங்கிருந்து வந்தது, எத்துணை நாள் தங்கும், யாருக்குப் பயன்படும், யார் அதில் இறங்கக்கூடாது என்பவற்றை உணர்த்தி நிற்கின்றன.

ஒரு பொருளே நிலந்தோறும் பெயர் மாறுதலும் உண்டு. பாசனத்திற்குரிய பெரிய நீர்நிலையைத் தொண்டை நாட்டார் ஏரி என்பர். பாண்டி நாட்டார் கண்மாய் என்பர். கொங்கு நாட்டார் குளம் என்பர். சிறிய ஏரியைத் தொண்டை நாட்டில் தாங்கல் என வழங்கினர். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்னும் ஊர்ப்பெயர்கள் அச்சொல்லைக் காத்து நிற்கின்றன. நீர்நிலையால் ஊர் பெயர் பெற்றமையை ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'ஊரும் பேரும்' என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார்கள்.

இவ்வேறுபாடு திருப்பூர் வட்டாரத்தில் தனிச் சிறப்புடையது. பின்னலாடைத் தொழிலை நாடிப் பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் அங்குக் குடியேறியுள்ளனர். ஆதலின் ஒரு வகுப்பிலேயே குளம் என்னும் கொங்கு நாட்டுக் குழந்தையும், கண்மாய் என்னும் இராமநாதபுரத்துக் குழந்தையும், ஏரி என்னும் விழுப்புரத்துக் குழந்தையும் உடன் அமர்தல் கூடும். இந்தி பேசும் பெற்றோரின் குழந்தை தாலாப் என்றும், ஒடிய மொழிக் குழந்தை போகரி என்றும் கூறும். ஆசிரியர் இவற்றுள் ஒன்றை மட்டும் சரி எனக் கொண்டு ஏனையவற்றை விலக்குதல் ஆகாது. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி, 'உங்கள் ஊரில் அதில் யார் குளிப்பர்? எப்பொழுது வற்றும்? அதன் நீர் எங்கே செல்லும்?' என வினவுதல் வேண்டும். விடைகளிலிருந்தே பாடம் தொடங்கும். 'ஈரநிலம்' என்னும் பொதுச்சொல்லை இறுதியில் தந்தால், பல பெயர்களுக்கும் பொதுவான கூரையாக அது விளங்கும். முதலிலேயே தந்தால் அடியில் ஒன்றும் இல்லாத கூரையாகும்.

3. 'புறம்போக்கு' என்னும் சொல்லால் விளைந்த கேடு

நீர்நிலையின் பெயரை மறைத்த மற்றொரு சொல் உண்டு. வருவாய்த்துறை ஆவணங்களில் குளம், ஓடை, குட்டை ஆகியன 'நீர்நிலைப் புறம்போக்கு' என எழுதப்படுகின்றன. புறம்போக்கு என்பது தனியார்க்கு உரிமையாக்கி வரி விதிக்காமல் பொதுப்பயனுக்கென ஒதுக்கிய நிலம். ஆயின் பேச்சு வழக்கில் அச்சொல் இழிபொருள் எய்திவிட்டது. பொறுப்பற்றவனை வைதற்கும் ஆளப்படுகிறது. 'எல்லார்க்கும் உரியது' என்ற பொருள் 'யார்க்கும் உரியதன்று' எனத் திரிந்தது. யார்க்கும் உரியதல்லாத இடத்தில் குப்பை கொட்டுவார்க்கு அச்சம் இல்லை.

சென்னையின் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இதற்குச் சான்று. அதனை முன்னாளில் மக்கள் கழுவெளி என்னும் பொதுப்பெயரால் வழங்கினர். பல ஊர்களின் மிகுநீர் வந்து பரவும் வெளி அது. அப்பெயர் வழக்கொழிந்தபின், நகரத்தார் கண்ணுக்கு அது பயனற்ற தரிசாகத் தோன்றியது. ஒரு பகுதி நகரக் குப்பை கொட்டும் இடமாயிற்று; மற்றும் பல பகுதிகளில் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னையில் பெருவெள்ளம் வந்தபொழுது, தென்சென்னையின் புறநகர்கள் நீரில் மூழ்கின. பரவுதற்குரிய வெளியை இழந்த நீர் வீடுகளில் பரவிற்று. 2022இல் அச்சதுப்பு நிலத்தின் எஞ்சிய பகுதி இராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. மரக்காணத்தை அடுத்துள்ள நீர்ப்பரப்போ கழுவெளி என்னும் பழம்பெயரையே இன்றும் தாங்குகிறது. 2021இல் பறவைகள் புகலிடமாகவும், 2024இல் இராம்சர் தளமாகவும் அறிவிக்கப்பெற்றது.

2001இல் இந்திய உச்சநீதிமன்றம் குளம் முதலிய ஊர்ப்பொது நீர்நிலைகளைக் காத்தல் அரசின் கடன் எனத் தீர்ப்பளித்தது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்குத் தீர்ப்பும் சட்டமும் வேண்டா. 'புறம்போக்கு என்றால் நம் அனைவர்க்கும் உரிய இடம்' என்ற ஒரு தொடர் போதும். இழிந்துபோன சொல்லை அதன் பழம்பொருளில் மீட்டுத் தருதலும் நீர்நிலைக் காப்பின் ஒரு கூறேயாம்.

4. வறண்ட குளமும் குளமே

'நீர்நிலை' என்னும் சொல் 'ஈரநிலம்' என்பதனினும் தமிழுக்கு இயல்பானது. ஆயினும் அதனிடத்தும் ஓர் இடர் உண்டு. நீர் நிற்பதே நீர்நிலை எனின், கோடையில் வறண்டு வெடித்துக் கிடக்கும் குளம் யாது? குழந்தை அதனை விளையாட்டுத் திடல் எனக் கொள்ளும். வயது வந்தோரும் அவ்வாறே மயங்குகின்றனர். ஆக்கிரமிப்பு பெரும்பாலும் நீர் வற்றிய காலத்திலேயே நிகழ்கிறது. ஆதலின் குளம் என்பது நீர் மட்டும் அன்று என்பதைக் குழந்தை முதலில் உணர்தல் வேண்டும்.

இதற்குக் குளத்தின் உறுப்புகளைக் கற்பித்தல் நல்வழி. மழைநீர் ஓடிவரும் மேட்டுநிலம் அதன் நீர்ப்பிடிப்பு. நீரைக் கொண்டு வருவது வரத்து வாய்க்கால். நீரைத் தாங்குவது கரை. வயலுக்கு அளந்து விடுவது மதகு. மிகுநீரைக் கரை உடையாமல் வெளியேற்றுவது கலிங்கு. அம்மிகுநீர் அடுத்த குளத்தைச் சேரும். இவற்றுள் ஓர் உறுப்பு சிதைந்தாலும் குளம் குளமாக இராது. வரத்து வாய்க்காலின்மேல் வீடு எழுந்தால், குளத்தில் ஒரு பிடி மண்ணும் எடுக்கப்படாமலே குளம் இறக்கும். ஐந்தாம் வகுப்புச் சிறுமியும் இதனைப் படமாக வரைந்து காட்ட இயலும். வரைந்த பின்னர்த் தன் ஊர்க் குளத்தின் வரத்து வாய்க்கால் எங்கே என்று அவளே தேடிச் செல்வாள்.

நம் பள்ளிகள் சூன் திங்களில் திறக்கின்றன. கொங்கு நாட்டின் குளங்கள் பலவும் அப்பொழுது வறண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னரே நிறையும். எனவே, ஒரே குளத்தை ஆண்டிற்கு இருமுறை காணச் செய்தல் வேண்டும். பள்ளி திறந்த உடன் ஒருமுறை, சனவரி இறுதியில் மறுமுறை. முதன்முறை வெடித்த மண்ணையும், நத்தை ஓட்டையும், கரையில் உள்ள மதகையும் காண்பர். மறுமுறை அதே இடத்தில் நீரையும் வலசை வந்த பறவைகளையும் காண்பர். உலக ஈரநில நாள் பிப்ரவரி 2ஆம் நாளில் வருதல் இதற்கு நன்கு பொருந்துகிறது. இரண்டு காட்சிகளையும் ஒப்பிட்ட குழந்தை, வறண்ட குளத்தை ஒருபொழுதும் வெற்றிடம் எனக் கருதாது.

5. முதல், கரு, உரி: ஒரு பாடத்திட்டம்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் இணைத்து வைத்தமை ஈண்டு நினைத்தற்குரியது. நிலம் மட்டும் இடத்தை உணர்த்தாது. எப்பொழுது என்பதும் உடன் வேண்டும். பருவத்தால் மாறும் நீர்நிலையைக் கற்பிக்க இதனினும் சிறந்த தொடக்கம் இல்லை. கருப்பொருள்களாக அவர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பவற்றைக் கூறினார். ஓர் இடத்தின் உயிர்களையும், மக்கள் வாழ்வையும், இசையையும், வழிபாட்டையும் பிரிக்காமல் ஒருங்கே எண்ணும் இம்முறை, இந்நாளில் சூழலியல் என வழங்கும் கல்விக்கு நெருங்கியது.

இதனை ஒரு குறிப்பேட்டின் பக்கமாக அமைக்கலாம். பக்கத்தின் தலையில் குளத்தின் பெயரும், பார்த்த திங்களும், வேளையும் எழுதப்படும், இது முதல். அதன்கீழ்க் கட்டங்கள்: குளக்கரைத் தெய்வம் யாது? குளத்தால் விளையும் உணவு யாது? நீரருந்த வரும் விலங்கு யாது? கரையில் நிற்கும் மரம் யாது? எப்பறவைகள் வந்தன? குளத்தை நம்பிய தொழில் யாது? இது கரு. மருதத்துக்குரிய பறையாக நெல்லரிகிணையை இலக்கண நூலார் கூறுவர். நெல் அறுவடை குளத்து நீரால் ஆவது என்பதை ஆசிரியர் அதனால் விளக்கலாம்.

உரிப்பொருள் அகவொழுக்கத்தைக் குறிக்கும் இலக்கணக் குறியீடு; அதனை அப்படியே சிறுவர் பாடத்திற்குக் கொண்டுவருதல் பொருந்தாது. 'இவ்விடத்தில் நாம் எவ்வாறு ஒழுக வேண்டும்?' என்னும் வினாவாக அதனை மாற்றிக் கொள்ளலாம். மரபை மீறியதாக இதனைக் கருதற்க. நிலத்திற்கு ஏற்ற ஒழுக்கம் உண்டு என்னும் அடிப்படைக் கருத்தே ஈண்டுக் கொள்ளப்பட்டது.

இப்பக்கத்தை நிரப்புதற்குத் திருப்பூர்க் குழந்தைகளுக்கு நல்ல இடம் ஊத்துக்குளிச் சாலையை அடுத்துள்ள நஞ்சராயன் குளம். நஞ்சராயன் என்னும் அரசனால் செப்பனிடப்பெற்றது எனக் கூறப்படும் இக்குளம் பாசனத்திற்குப் பயன்பட்டு வந்தது. 2022இல் தமிழ்நாட்டின் 17ஆம் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. 2024ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் இராம்சர் தளமாயிற்று. பரப்பு 125.865 எக்டேர். அறிவிப்பின்பொழுது 191 வகைப் பறவைகளும், 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும், 21 வகை ஊர்வனவும், 7 வகை நீர்நில வாழ்வனவும், 77 வகைச் செடிகொடிகளும் இங்குக் கணக்கிடப்பெற்றன. ஆலைகளும் குடியிருப்புகளும் செறிந்த ஒரு தொழில்நகரின் அருகே, மனிதர் வெட்டிய ஒரு குளம் இத்துணை உயிர்களுக்கு இடம் தருகிறது. 'பாசனக் குளம் ஈரநிலம் அன்று' என்னும் வாதத்திற்கு இக்குளமே மறுமொழி.

அமராவதி நகர்க் குழந்தைக்கு வேறு ஒரு பக்கம் அமையும். அங்குள்ள பண்ணையில் வளர்வது சதுப்பு நில முதலை எனப்படும் இனம். நீர்த்தேக்கத்திலும் அது வாழ்கிறது. குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களைத் தனித்தனியே சுட்டுகிறது. பழந்தமிழர் ஒன்றற்கொன்று வேறுபாடு கண்டே பெயரிட்டனர் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மருதப் பாடல்களில் பயிலும் நீர்நாய் இன்றும் காவிரியிலும் மோயாற்றிலும் வாழ்கிறது. கம்புள் என்னும் கோழியினம் குளத்து நாணலில் ஒளிந்து கூவுவதைக் கேட்ட சிறுவன், பின்னாளில் அகப்பொருள் இலக்கணத்தில் அப்பெயரைக் காணும்பொழுது உரையை நாடான்.

தூது இலக்கியமும் இப்பாடத்திற்குத் துணைசெய்யும். சத்திமுத்தப் புலவர் நாரையை நோக்கிப் பாடிய பாடல், அப்பறவை தென்றிசைக் குமரிக்கும் வடதிசைக்கும் இடையே சென்று மீளுதலைக் குறிக்கிறது. வலசை என்னும் உண்மையை அப்புலவர் அறிந்திருந்தார். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்கு இமயத்தைக் கடந்து பட்டைத்தலை வாத்து வருகிறது. ஊர்மக்கள் வெடி வெடியாமல் பறவைகளைக் காக்கின்றனர். பறவை தங்கும் குளம் ஒன்று மறைந்தால், அதன் வழியில் ஒரு சத்திரம் மூடப்பட்டது போலாம் என்றால் குழந்தை உணர்ந்துகொள்ளும்.

6. பயன் கூறுங்கால் மிகைப்படக் கூறாமை

ஈரநிலத்தை ஏன் காக்க வேண்டும் என்பதற்குப் பாடநூல்கள் பயன்களை வரிசைப்படுத்தும்: வெள்ளத்தைத் தாங்கும், நிலத்தடி நீரை ஊறச் செய்யும், நீரைத் தூய்மையாக்கும், உயிர்களைப் பேணும். இவை உண்மையே. ஆயினும் ஈரநிலத்தை 'நிலத்தின் சிறுநீரகம்' என உவமித்து, அழுக்கு எதுவாயினும் அது நீக்கிவிடும் என்ற எண்ணத்தைக் குழந்தையின் உள்ளத்தில் விதைத்தல் ஏதமாம். திருப்பூர் வட்டாரத்தார்க்கு இஃது ஏனையோரினும் நன்கு விளங்கும்.

ஓர் எளிய ஆய்வினால் இதனைக் காட்டலாம். சாய்வாக வைத்த இரண்டு தட்டுகளில் மேற்பாதியில் மண் பரப்புக. ஒன்றில் மண்ணின் கீழே தேங்காய் நாரை ஒரு கரைபோல் அடுக்குக. மற்றொன்றை வெறுமனே விடுக. இரண்டிலும் மேலிருந்து நீரை ஊற்றினால், நாரில்லாத் தட்டில் சேற்றுநீர் விரைந்து ஓடும்; நாருள்ள தட்டில் நீர் மெல்லக் கசிந்து தெளிந்து வரும். நாணலும் கோரையும் சம்பும் வளர்ந்த குளம் வெள்ளத்தைத் தணிப்பதும் வண்டலைத் தடுப்பதும் இவ்வாறே. அவ்வண்டலைக் கோடையில் எடுத்து உழவர் வயலுக்கு உரமாக இட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேடந்தாங்கல் மக்கள் ஆங்கிலேய ஆட்சியரிடம் முறையிட்டுப் பறவைகளைச் சுடாதவாறு காப்புரிமை பெற்றமைக்கும் காரணம், எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அவர்கள் அறிந்திருந்தமையே.

பின்னர் அதே நாரின்வழி உப்புநீரை ஊற்றுக. வடிந்த நீரை ஓர் அகன்ற தட்டில் இட்டு வெயிலில் காயவைத்தால், தட்டில் உப்புப் படியும். நார் மண்ணைத் தடுத்தது. கரைந்த உப்பைத் தடுக்கவில்லை.

நொய்யல் ஆற்றின் வரலாறு இத்தட்டின் விரிவேயாகும். பருத்தித் துணியில் சாயம் பற்றுதற்குச் சாயப்பட்டறைகள் உப்பை மிகுதியாகப் பயன்படுத்துகின்றன. அவ்வுப்பு கலந்த கழிவுநீர் ஆற்றில் சேர்ந்து, 1992இல் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. பாசனத்திற்காகக் கட்டிய அணையின் நீர் பாசனத்திற்கு ஆகாததாயிற்று, அயற்கிணறுகளும் உவர்த்தன. நொய்யல் பாசன உழவர் நீதிமன்றத்தை நாடினர். 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கழிவுநீரை ஆற்றில் சிறிதும் விடாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் எதிர்ச்சவ்வூடு முறையாலும் ஆவியாக்கும் முறையாலும் நீரையும் உப்பையும் மீட்கும் நிலையங்கள் பெருகின. நாணலும் கோரையும் செய்ய இயலாத வேலையை மனிதரே தம் பட்டறைவாயிலில் செய்ய வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றைக் கூறும்பொழுது ஆசிரியர் பெரிதும் கருத்தோடு இருத்தல் வேண்டும். வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தையின் தந்தை சாயப்பட்டறையில் கூலி பெறுபவராகலாம். அடுத்த குழந்தையின் பாட்டனார் உவர்த்த கிணற்றுக்கு உரியவராகலாம். ஒருவரைக் குற்றவாளியாக்கும் பாடம் இருவரையும் வகுப்பிலிருந்து அகற்றும். தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும், இரண்டும் வாழ வேண்டுமாயின் கழிவைத் தோன்றிய இடத்திலேயே நீக்க வேண்டும் என்பதே அக்குழந்தைகள் கற்கத்தக்க நீதி. ஈரநிலத்தின் வலிமையோடு அதன் எல்லையையும் அறிந்த குழந்தையே அதனை உண்மையாகக் காக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: 'ஈரநிலம்' என்னும் கலைச்சொல் பயனுடையதாயினும், தொடக்கக் கல்வியில் அது பாடத்தின் முடிவாக வருதல் வேண்டும். குழந்தையின் வீட்டு வழக்கில் உள்ள பெயரே பாடத்தின் தொடக்கம். பெயர்தோறும் ஒரு பயனும் ஒரு காப்பு முறையும் பொதிந்துள்ளன. நிகண்டு அவற்றை ஒன்றாக்கியது. ஆவணம் அவற்றைப் புறம்போக்காக்கியது. விதி அவற்றுள் பெரும்பான்மையை விலக்கியது. இம்மூன்றாலும் மறைந்த பொருளை மீட்டுத் தருதல் சொல்லாராய்ச்சியாளர் செய்யத்தக்க பணி.

முதுகலை மாணவர் இப்பணியில் ஈடுபடுதல் நன்று. ஒவ்வொரு வட்டத்திலும் வழங்கும் நீர்நிலைப் பெயர்களையும், உறுப்புப் பெயர்களையும், அவற்றை மக்கள் எப்பொருளில் ஆள்கின்றனர் என்பதையும் ஊர்தோறும் சென்று கேட்டுத் தொகுத்தல் வேண்டும். மடை திறந்தாரும் வண்டல் எடுத்தாரும் முதுமை எய்தி வருகின்றனர். அவர்கள் நாவில் உள்ள சொற்கள் மறைந்தால் எந்நூலிலும் அவற்றைத் தேடிப் பெறல் அரிது. அத்தொகுப்பிலிருந்து ஒரு வட்டத்துக்கு ஒரு சிறு பாடநூலாயினும் ஆக்கித் தொடக்கப் பள்ளி ஆசிரியர் கையில் அளித்தல் வேண்டும்.

பெயர் அறியாத குட்டை ஒன்று மண்ணிட்டு மூடப்படும்பொழுது, வழியில் செல்லும் சிறுவன் அங்கு நிகழ்வது யாது என அறியான். அதன் பெயரையும், வரத்து வாய்க்காலையும், அதில் மழைக்குப்பின் வந்திறங்கும் கொக்கையும் அறிந்தவனாயின் நின்று வினவுவான். அவன் வினவுமாறு செய்தலே இப்பாடத்தின் பயன்.